காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வியை யாரும் பொழுதுபோகாமல் கேட்பதில்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தூக்கம் வராமல் புரள்பவர் கேட்கிறார். நாளைக்குள் எதையாவது சொல்லியாக வேண்டிய நெருக்கடியில் இருப்பவர் கேட்கிறார். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். தன்னையோ பிறரையோ காக்கப் பொய் சொல்வது தவறா, இல்லையா?

எல்லா நேரமும் தவறில்லை. ஆனால் சொல்பவர் நினைப்பதைவிட அதிகமான நேரங்களில் தவறுதான்.

நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் பொய் எதிலிருந்து காப்பாற்றுகிறது? அநியாயத்திலிருந்தா, நியாயமாக வந்துசேர வேண்டிய விளைவிலிருந்தா? அடிக்க ஓங்கிய கையிடமிருந்து ஒருவரைக் காக்கிற பொய்யும், நான் செய்த தவறுக்குக் கிடைக்கப்போகும் பேச்சிலிருந்து என்னைக் காக்கிற பொய்யும் ஒன்றல்ல. இரண்டுக்கும் 'பாதுகாப்பு' என்று ஒரே பெயரை வைத்துவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, பொய்யின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது. பொய் சொல்பவருக்கு லாபம், வேறொருவருக்கு நஷ்டம் என்றால் அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொலைகாரன் வாசலில் நின்று "அவன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்டாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். "இங்கே வரவில்லை" என்று சொல்லுங்கள். முகத்தில் பதற்றம் தெரியாமல் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வி 1797-இல் ஐரோப்பாவில் பெரிய விவாதமானது. உண்மையைச் சொல்வது கடமைதான், ஆனால் அந்த உண்மையைப் பெற உரிமை உள்ளவரிடம் மட்டுமே அது கடமை என்று எழுதினார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட். அடுத்தவரைக் கொல்ல வந்தவனுக்கு அப்படி ஓர் உரிமை கிடையாது என்பது அவர் வாதம். அதே ஆண்டில் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் அதை மறுத்தார். கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது, ஏனென்றால் ஒரு பொய் எதிரில் நிற்கும் ஒருவரோடு முடிவதில்லை, மனிதர்கள் ஒருவர் சொல்லை ஒருவர் நம்புகிற அடிப்படையையே அது அரிக்கிறது என்றார். அவருக்கு முன்பே, நான்காம் நூற்றாண்டின் கடைசியில், கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டீனும் எந்தப் பொய்யையும் அனுமதிக்க மறுத்திருந்தார். ஆனால் அவரும் பொய்களை எட்டு வகையாகப் பிரித்தார். யாருக்கும் கேடு செய்யாமல் ஒருவரைக் காக்கிற பொய்களுக்குக் குற்றம் குறைவு என்று கடைசி வரிசையில் வைத்தார். அவ்வளவு கண்டிப்பானவருக்கும் எல்லாப் பொய்யும் ஒரே எடை என்று சொல்ல மனம் வரவில்லை.

நான் கான்ஸ்டன்ட் பக்கம். உண்மை ஒரு பொருளைப் போல யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதல்ல. கேட்பவர் அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும்போது, கொடுப்பவருக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறது. மகாபாரதத்தில், கர்ண பருவத்தில், கிருஷ்ணன் அர்ஜுனனுக்குச் சொல்லும் ஒரு கதை இதைத்தான் பேசுகிறது. கௌசிகர் என்ற தவசி உண்மையைத் தவிர வேறு பேசுவதில்லை என்று விரதம் பூண்டவர். கொள்ளையருக்குப் பயந்து ஓடிவந்த சிலர் அவர் இருக்கும் இடத்தருகே காட்டுக்குள் ஒளிகிறார்கள். பின்னாலேயே வந்த கொள்ளையர் எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்க, விரதம் கெடக் கூடாதே என்று வழியைக் காட்டிவிடுகிறார். ஒளிந்தவர்கள் கொல்லப்படுகிறார்கள். கௌசிகருக்கு நரகம் கிடைக்கிறது. அவர் காத்தது உண்மையை அல்ல, தன் விரதத்தை. அதற்கான விலையை வேறு சிலர் உயிரால் கொடுத்தார்கள்.

அப்படியென்றால் காண்ட் சொன்னதில் ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. வாசலில் நிற்கும் கொலைகாரன் உதாரணத்தை மட்டும் வைத்து அவரைத் தள்ளிவிடுவது நியாயமல்ல.

அவர் காட்டும் ஓர் ஆபத்து நிஜமானது. நண்பன் வீட்டுக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு "அவன் வெளியே போய்விட்டான்" என்று பொய் சொல்கிறீர்கள். அவனோ உங்களுக்கே தெரியாமல் பின்வாசல் வழியாக உண்மையிலேயே வெளியே போயிருக்கிறான். கொலைகாரன் தெருவில் தேடிப் போய் அவனைப் பிடித்துவிடுகிறான். பொய் சொல்லும்போது அடுத்து நடப்பதையெல்லாம் நம்மால் கணிக்க முடியும் என்று நம்பிக்கொள்கிறோம். அது முடியாது. அந்தப் பொய்யால் விளைவதற்கும் நாம்தான் பொறுப்பு.

அதைவிட முக்கியமான ஒன்றும் அவர் சிந்தனையில் இருக்கிறது. பொய் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முடிவை நாம் எடுத்துவிடுகிறோம். சரியான தகவல் இருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ அதைச் செய்யவிடாமல் தடுக்கிறோம். கொலைகாரனுக்கு இதைச் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். பெற்ற தாய்க்கோ கட்டிய மனைவிக்கோ இதைச் செய்யும்போது, அவர்களைக் கொலைகாரனை நடத்துவது போல நடத்துகிறோம் என்பது உறைக்க வேண்டும்.

வள்ளுவரே அனுமதி கொடுத்திருக்கிறாரே?

கொடுத்திருக்கிறார். ஆனால் நாம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் கொடுக்கவில்லை.

"பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்" (292)

இந்தக் குறளின் முதல் பாதியை எல்லோரும் சொல்கிறோம். இரண்டாம் பாதியில்தான் நிபந்தனை இருக்கிறது. நன்மை வந்தால் போதாது, குற்றமற்ற நன்மையாக இருக்க வேண்டும். பரிமேலழகர் உரை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. கேடோ சாவோ நெருங்கி நிற்கும் ஓர் உயிர், அந்தப் பொய்யாலேயே அதிலிருந்து நீங்கி இன்புறுவதை அவர் சொல்கிறார். சிக்கலில் இருக்கும் உயிரைத்தான் அவர் பார்க்கிறார், சங்கடத்தில் இருக்கும் ஆளை அல்ல.

இதற்கு அடுத்த குறளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்." ஒளிந்திருப்பவரைக் காப்பாற்றியவரின் நெஞ்சு சுடாது. யாரையோ சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டவருக்குச் சுடும். இரண்டு குறளையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

பொய் சொல்லாமல், உண்மையை மறைத்தால் மட்டும் சரியா?

மறைப்பது வேறு, ஏமாற்றுவது வேறு. "இதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை" என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. உங்கள் சம்பளம், உங்கள் உடம்பு, உங்கள் கடந்த காலம் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்லக் கடமை இல்லை.

ஆனால் வார்த்தையில் உண்மையும் நோக்கத்தில் பொய்யுமாகப் பேசினால் அது பொய்தான். பாரதப் போரின் பதினைந்தாம் நாளில் யுதிஷ்டிரன் செய்தது இதுதான். "அசுவத்தாமன் இறந்தான்" என்று துரோணர் காதில் விழும்படி சொல்லி, 'யானை' என்பதை மட்டும் காதில் விழாதபடி சொன்னான். மகன் இறந்துவிட்டதாக நம்பித் துரோணர் ஆயுதத்தைக் கீழே வைத்தார், கொல்லப்பட்டார். அதுவரை தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஓடிய யுதிஷ்டிரனின் தேர் அந்தக் கணமே தரையைத் தொட்டது என்கிறது காவியம். வார்த்தைக் கணக்கில் அவன் சொன்னது உண்மை. தேர் வார்த்தையைக் கணக்கெடுக்கவில்லை.

மௌனமும் எப்போதும் உதவாது. "அவள் உன் வீட்டில்தான் இருக்கிறாளா?" என்று கேட்கும்போது வாயை மூடிக்கொண்டால் அதுவே 'ஆமாம்' என்ற பதில். மௌனம் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்தும், நான் பொய் சொல்லவில்லையே என்று திருப்திப்படுபவர் கௌசிகரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

என்னைக் காத்துக்கொள்ள நான் பொய் சொன்னால் அது சுயநலம் இல்லையா?

உங்கள் உயிரும் ஓர் உயிர்தான். அடுத்தவருக்காகச் சொன்னால் தியாகம், தனக்காகச் சொன்னால் சுயநலம் என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு பெண் குளியலறைக்குள் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, தணிந்த குரலில் அக்காவிடம் போனில் பேசுகிறாள். கதவு தட்டப்படுகிறது. "யார்கிட்ட பேசிட்டிருக்க?" "யார்கிட்டயும் இல்லீங்க, சும்மா பாட்டு முணுமுணுத்தேன்." போனை அணைத்துத் துணிக்குள் செருகிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வெளியே வருகிறாள். சான்றிதழ்கள் போன வாரமே அக்கா வீட்டுக்குப் போய்விட்டன. நாளைக் காலையில் "சாயங்காலம் வழக்கம்போல வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள், திரும்பி வர மாட்டாள். அடிக்கும் ஒருவரைவிட்டு விலகுகிற நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம் என்பது குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுபவர்கள் எல்லோரும் எச்சரிக்கிற விஷயம். அந்த நேரத்தில் அவளிடம் போய் வாய்மை பற்றிப் பேசுவது கொடுமை. அவள் சொன்ன எந்தப் பொய்க்கும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. குற்ற உணர்ச்சியோடு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்காகவே சொல்கிறேன்: நீங்கள் தவறு செய்யவில்லை.

சட்டமும் இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. உயிருக்கு ஆபத்தான நாட்டிலிருந்து நேராகத் தப்பி வந்த அகதிகள், தாமதிக்காமல் அதிகாரிகள் முன் வந்து தக்க காரணம் காட்டினால், முறையின்றி நுழைந்ததற்காக அவர்களைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு. நேர்வழி அடைக்கப்பட்டவரிடம் ஏன் நேர்வழியில் வரவில்லை என்று கேட்பதற்கு ஓர் எல்லை உண்டு.

வேலையில் ஒரு தவறு செய்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைத்தேன். இதுவும் தற்காப்புதானே?

பயம் புரிகிறது. ஆனால் இது மேலே சொன்ன பெண்ணின் பொய்யோடு சேராது. அவள் தப்பித்தது அநியாயத்திலிருந்து. உங்கள் பொய்யில், அநேகமாக வேறு யாரோ ஒருவர் மாட்டிக்கொள்வார். தவறான அளவில் மருந்து கொடுத்ததை மறைத்தால் நோயாளி மாட்டுவார். கணக்கில் விட்டதை மறைத்தால் பக்கத்து மேசைக்காரர் மாட்டுவார்.

ஆனால் பழியை முழுக்க உங்கள் தலையில் போடவும் மாட்டேன். உண்மையைச் சொன்னால் வேலையே போகும் என்று ஆக்கி வைத்திருக்கும் இடங்கள் பொய்யை வளர்க்கின்றன. விமானத் துறை இதைப் புரிந்துகொண்டது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் தவறுகளைத் தாங்களே தெரிவிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் அமைப்பின் கைக்குப் போகாமல் நாசா அதை நடத்துகிறது. தெரிந்தே செய்யாத விதிமீறலாக இருந்து, 10 நாட்களுக்குள் தெரிவித்தால், பெரும்பாலும் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. உண்மைக்கு ஒரு பாதுகாப்பான வழியைத் திறந்துவிட்டால், பொய்யின் தேவை தானாகக் குறைகிறது. மேலாளர்களும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

அண்ணனோ நண்பனோ குற்றத்தில் மாட்டிக்கொண்டால், அவனைக் காக்கப் பொய்ச் சாட்சி சொல்லலாமா?

கூடாது. அங்கே இன்னொருவர் இருக்கிறார், அடிபட்டவரோ பணத்தை இழந்தவரோ. அல்லது செய்யாத குற்றத்துக்கு உள்ளே போகப்போகிற வேறொருவர்.

பேசாமல் இருக்கும் உரிமை வேறு. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்பது 1966-இல் ஐ.நா. ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. ஜெர்மனி போன்ற சில நாடுகளில் நெருங்கிய உறவினர்களும் சாட்சி சொல்ல மறுக்கலாம். சொந்த மகனுக்கு எதிராகத் தாயைப் பேசவைப்பது கொடுமை என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது. ஆனாலும் பேசாமல் இருக்கத்தான் வழிவிடுகிறது, சத்தியம் செய்து பொய் சொல்ல அல்ல. இந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து. நண்பனுக்கு நல்ல வக்கீலைப் பிடித்துக் கொடுங்கள், ஜாமீனுக்கு அலையுங்கள். நடக்காததை நடந்ததாகச் சொல்லாதீர்கள்.

சட்டமே அநியாயமாக இருக்கும் இடங்கள் உண்டு. ஓர் இனத்தைப் பிடித்துக் கொல்வதற்காகத் தேடும் அதிகாரியிடம் இந்தப் பதில் செல்லாது. அங்கே அந்த அதிகாரிதான் வாசலில் நிற்கும் கொலைகாரன்.

பெரிய நோய் வந்திருப்பதை நோயாளியிடம் மறைப்பது அவர் நன்மைக்குத்தானே?

எனக்கு வரும் கேள்விகளில் அதிக அன்பும் அதிக தவறும் கலந்தது இதுதான் என்பேன்.

மருத்துவமனை நடையில் மகன் மருத்துவரை மறித்து நிற்கிறான். "டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டார்." அன்பில் சொல்வதுதான். உள்ளே அப்பா கண்ணை மூடிக் கிடக்கிறார், தூங்கவில்லை. நேற்றுவரை ஊசி போடும்போது பேசிக்கொண்டே போட்ட நர்ஸ் இன்று பேசவில்லை. மகள் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள். அல்சர்தான் என்றார்கள். அல்சருக்கு எதற்கு இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள்? அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அவரும் நடிக்க வேண்டும், பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று. ஒரே அறையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, யாரும் யாரோடும் பேசாமல், அந்தக் கடைசி மாதங்கள் போய்விடுகின்றன.

முன்பு மருத்துவர்களே மறைத்தார்கள். 1961-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 90 விழுக்காடு மருத்துவர்கள் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979-இல் அதே கேள்விகளோடு மறுபடி கேட்டபோது, சுமார் 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினார்கள். இடையில் இருந்தது 18 ஆண்டுகள்தான். சிகிச்சைகள் பெருகின, நோயாளியின் சம்மதம் கேட்பது கட்டாயமாகத் தொடங்கியது. என்ன நோய் என்றே தெரியாதவரிடம் எந்தச் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்பது?

அதற்காக எல்லாவற்றையும் முகத்தில் அடித்தாற்போலக் கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் நோயாளியின் உரிமை. அதனால் அவரிடமே கேளுங்கள். "ரிப்போர்ட்ல வர்றதெல்லாம் உங்களுக்குச் சொல்லணுமாப்பா, இல்ல டாக்டர் எங்ககிட்ட பேசினா போதுமா?" இப்படி ஒரு கேள்வி. "நீங்களே பாத்துக்கோங்க" என்று அவர் சொன்னால், அதன்பின் நீங்கள் சொல்லாமல் இருப்பது பொய்யே அல்ல, அவர் உங்களிடம் ஒப்படைத்த வேலை. "எல்லாத்தையும் சொல்லு" என்றால் சொல்லுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்தில் உட்கார்ந்து.

குழந்தைகளிடம்?

எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது வயதைப் பொறுத்தது. சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்பது வயதைப் பொறுத்ததல்ல. தாத்தா இறந்ததை "தூங்குகிறார்" என்று சொன்னால், அடுத்த இரவு குழந்தை தூங்கப் பயப்படும். "தாத்தா உடம்பு வேலை செய்றது நின்னுபோச்சு, இனி வர மாட்டார்" என்பது கடினமாக இருந்தாலும் குழந்தைக்குப் புரியும்.

உயிர் ஆபத்தில் குழந்தைக்கே பொய்ப் பெயர் வைக்க வேண்டி வந்தால்? இரண்டாம் உலகப் போரின்போது போலந்தின் வார்சாவில் சமூகப் பணியாளர் ஐரீனா செண்ட்லரும் அவர் தோழிகளும் செய்தது அதுதான். நாஜிகள் அடைத்து வைத்திருந்த யூதக் குடியிருப்பிலிருந்து சுமார் 2,500 குழந்தைகளை அவர்கள் வெளியே கொண்டுவந்ததாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. பொய்ப் பெயர், பொய்ப் பிறப்புச் சான்றிதழ், பொய்க் குடும்பம் எல்லாம் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு குழந்தையின் உண்மைப் பெயரையும் புதுப் பெயரையும் மெல்லிய தாளில் எழுதி, கண்ணாடி ஜாடிக்குள் போட்டு மண்ணில் புதைத்து வைத்தார்கள், போர் முடிந்ததும் பெற்றவர்களிடம் சேர்க்க. 1943-இல் செண்ட்லரை நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ பிடித்துச் சித்திரவதை செய்தும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. பெற்றோர்களில் பெரும்பாலோர் போருக்குப் பிறகு உயிரோடு இல்லை.

காக்கும் பொய் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜாடிகள் நினைவுக்கு வருகின்றன. பொய் தேவையான காலத்துக்கு மட்டும். உண்மை அழிக்கப்படவில்லை, உரியவருக்காகப் பத்திரமாக வைக்கப்பட்டது. தத்தெடுத்த பிள்ளையிடம் பிறப்பை மறைக்கும் பெற்றோர் இதை நினைத்துப் பார்க்கலாம். அந்தத் தகவல் பிள்ளைக்குச் சொந்தம். நீங்கள் அதை வைத்துக் காக்கிறவர் மட்டும்தான்.

"மக்கள் பதறிவிடக் கூடாது" என்று அரசோ நிறுவனமோ சொல்லும் பொய்?

இதில் எனக்குச் சிறிதும் இரக்கம் இல்லை. பலமுள்ளவர் பலமற்றவரிடம் சொல்லும் பொய், அவர்கள் தப்பிக்கும் வழியையே அடைக்கிறது.

1986 ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபில் அணு உலை வெடித்தது. அருகிலிருந்த பிரிப்பியாட் நகர மக்கள் அன்று முழுக்க வழக்கம்போலத் தெருவில் நடமாடினார்கள், பிள்ளைகள் வெளியில் விளையாடினார்கள். மறுநாள் பிற்பகலில்தான் பேருந்துகளில் ஏற்றினார்கள், தற்காலிகமாகத்தான், சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லி. அவர்கள் திரும்பவே இல்லை. ஸ்வீடனில் ஓர் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு பிடிபட்ட பிறகுதான், 28-ஆம் தேதி இரவு, சோவியத் அரசு விபத்து நடந்ததையே அறிவித்தது. பதற்றத்தைத் தவிர்க்க என்றார்கள். தவிர்க்கப்பட்டது யாருடைய பதற்றம்?

தத்துவ அறிஞர் சிஸெலா பாக் 1978-இல் ஒரு சோதனை சொன்னார்: இந்தப் பொய்க்கான காரணத்தை, பாதிக்கப்படுவோர் உட்பட எல்லோர் முன்னாலும் வெளிப்படையாக எடுத்துவைத்து நியாயப்படுத்த முடியுமா? செண்ட்லரால் முடியும், அந்தக் குழந்தைகளே கைகொடுத்திருப்பார்கள். செர்னோபில் அதிகாரிகளால் பிரிப்பியாட் தாய்மார்கள் முன் நின்று சொல்லியிருக்க முடியுமா?

மனம் நோகக் கூடாதே என்று சொல்லும் சின்னப் பொய்கள்?

"சட்டை நல்லாருக்கு" என்பதற்கெல்லாம் நான் கவலைப்பட மாட்டேன். ஒருவர் உங்கள் கருத்தை வைத்து முடிவெடுக்கப் போகிறார் என்றால் மட்டும், கதையை அனுப்பலாமா, கடையைத் திறக்கலாமா என்று கேட்டால் மட்டும், உண்மையைச் சொல்லுங்கள்.

ஒரு தடவை சொன்னால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அதில் உண்மை இருக்கிறது. 2016-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், தனக்கு ஆதாயம் தரும் பொய்களைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களின் பொய்கள் படிப்படியாகப் பெரிதாயின. உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதி முதல் பொய்க்குக் காட்டிய எதிர்வினை போகப்போகக் குறைந்தது. ஆனால் பொய்யால் அடுத்தவருக்கு மட்டுமே ஆதாயம் என்றபோது பொய்கள் அப்படிப் பெருகவில்லை. ஒரே ஒரு சோதனைதான், எல்லாவற்றையும் இதன்மேல் கட்டிவிட முடியாது. இருந்தாலும், பயப்பட வேண்டியது எந்தப் பொய்க்கு என்பதை அது காட்டுகிறது.

ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இப்போது உண்மையைச் சொல்லியே ஆக வேண்டுமா?

ஆபத்து இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், சொல்லாதீர்கள். ஆபத்து போய்விட்டதென்றால், அந்தப் பொய்யை நம்பி யாராவது இன்னும் வாழ்க்கையில் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், தள்ளிப்போடாதீர்கள். அவர் வேறு வழியாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் உங்கள் வாயாலேயே சொல்வதுதான் அவருக்குக் கொடுக்கும் மரியாதை.

சொல்லும்போது காரணத்தில் ஆரம்பிக்காதீர்கள். "உன் நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினால், கேட்பவர் அடுத்த வார்த்தையைக் கேட்க மாட்டார். "நான் உன்கிட்ட பொய் சொன்னேன், நடந்தது இதுதான்" என்று நடந்ததை முழுசாகச் சொல்லுங்கள். பாதியைச் சொல்லி மீதியை அடுத்த மாதத்துக்கு வைத்தால், இரண்டாவது தடவை பொய் சொன்னவர் ஆவீர்கள். ஏன் சொன்னீர்கள் என்று அவரே கேட்பார். அப்போது காரணத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் மனப்பாரத்தை இறக்கி வைப்பதற்காக மட்டும் சொல்லப் போகிறீர்களா என்பதையும் யோசியுங்கள். மரணப்படுக்கையில் இருப்பவரிடம் இருபது வருடத்துக்கு முந்தைய பொய்யை ஒப்புக்கொள்வதால் உங்களுக்கு நிம்மதி கிடைக்கலாம். அவருக்கு என்ன கிடைக்கும்?

எனக்காகத்தான் பொய் சொன்னார்கள் என்று இப்போது தெரிகிறது. கோபப்படுவது நியாயமா?

நியாயம்தான். அவர்கள் அன்பு உண்மை என்பதும், உங்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். "உனக்காகத்தானே செஞ்சோம், இதுக்குப்போய்க் கோபமா?" என்று யாராவது கேட்டால், உங்கள் கோபத்தை நன்றிகெட்டதனம் என்று நீங்களும் நினைத்துவிடாதீர்கள்.

என்ன இழந்தீர்கள் என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "அம்மாவோட கடைசி மாசம்னு தெரிஞ்சிருந்தா நான் லீவு போட்டுட்டு வந்திருப்பேன்" என்று சொன்னால்தான் அவர்களுக்கு உறைக்கும். பரீட்சை கெட்டுவிடுமே என்று மறைத்தவர்களுக்கு, பரீட்சையை மறுபடி எழுதலாம் என்பது அப்போது தோன்றியிருக்காது. அவர்களிடம் இரண்டைக் கேட்கலாம்: இனியும் மறைத்து வைத்திருப்பது ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும். அடுத்த தடவை எது உங்களால் தாங்க முடியும், எது முடியாது என்பதை அவர்களாக முடிவு செய்யாமல் உங்களிடம் கேட்க வேண்டும். மன்னிப்பு எப்போது என்பதற்கு நாள் குறிக்க வேண்டியதில்லை. அதை அவர்கள் அவசரப்படுத்தவும் முடியாது.